ஐயம் இல்லாதவளுக்குச் சான்று இல்லை

காலர்க்காரிக்கு ஒரே ஒரு ஐயம் இருந்திருந்தால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவள் தெளிவாக இருந்து தொலைத்தாள். வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கை தைக்கிறவள் வேறு, பை தைக்கிறவள் வேறு. முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே கிடையாது. ஆனால் காலர் என்று வந்துவிட்டால் அவள் தைத்த மூலை ஒரு இழை கூடக் கோணாது. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு எட்டு மாதம். இளையவன் பிறந்த அன்று பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்ததும் டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை, "பொழைச்சுட்டீங்க." அடுத்த வார்த்தை, "இன்னும் மூணு வருஷத்துக்கு வயித்துல எதுவும் தங்கக் கூடாது. தங்கினா, இந்தத் தடவை மாதிரி தப்பிப்பீங்கன்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

அவள் அழவில்லை. பக்கத்தில் நின்ற புருஷன்தான் அழுதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடிக் குழிக்குள் தலையை நீட்டிக்கொண்டு சாவகாசமாகப் பாட்டு முணுமுணுக்கிறவன், அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பி, மூச்சு விட நேரம் கிடைத்ததும் அவள் மருத்துவமனைக்குப் போனாள். எந்தக் கருத்தடை முறை தனக்கு ஒத்துவரும் என்று கேட்டாள். டாக்டரம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொல்லக் கூடாதும்மா. விதி மாறிடுச்சு. முதல்ல ஐயம் அகற்றும் பிரிவுல தெளிவுச் சான்று வாங்கிட்டு வாங்க. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும், தனியார்லயும் கூட, கை வைக்க மாட்டாங்க."

வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸ், ஈரக் கையை உதறிக்கொண்டே காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். "பிரஷர் இருக்கறவங்களுக்கு ரெண்டு ஹார்மோன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரை ஆகாது. ரத்தம் உறையும். நீங்க காப்பர் டி போட்டுக்குங்க, அது பிரஷரை ஒன்னும் பண்ணாது. பத்து நிமிஷ வேலை, பத்து வருஷம் கிடக்கும், வேண்டாம்னா எடுத்துடலாம். மாசாமாசம் கொஞ்சம் அதிகமாப் படும், வயித்தை வலிக்கும், பயந்துக்காதீங்க. அதுவரைக்கும் வீட்டுக்காரர் ஆணுறை போடட்டும். பால் குடுக்கறோம், ஒன்னும் ஆகாதுன்னு மட்டும் இருந்துடாதீங்க, ஆறு மாசத்துக்கு மேல அதை நம்ப முடியாது."

ஆக, காலர்க்காரிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அரை நிமிஷத்தில் தெரிந்துபோனது. மீதி இருந்தது ஒரு காகிதம்தான். இனி அந்தக் காகிதத்தின் கதை.

ஐயம் அகற்றும் பிரிவு அரசுக் குடும்பநல அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கருத்தடை பற்றி ஜனங்களிடம் பொய்யும் புரளியுமாக ஆயிரம் பயம் இருக்கிறதல்லவா, அதற்கெல்லாம் அலுவலகம் வைத்த பெயர் ஐயம். அந்த ஐயங்களைப் பதிவு செய்து, எண் கொடுத்து, அகற்றி, அகற்றியதற்கு முத்திரை குத்துவது பிரிவின் திருப்பணி. வாசலில் இலவச உறைப் பெட்டி ஒன்று இருந்தது. 'தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அதன் மேல் எழுதி, பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

பதிவேட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஐயம் என்ன?"

"ஐயம் எதுவும் இல்ல சார். காப்பர் டி போட்டுக்கணும். சான்று வேணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயமே இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப நான் எதைம்மா அகற்றுவேன்? அகற்றினாத்தானே தெளிவு? தெளிஞ்சாத்தானே சான்று?"

"நான் தெளிவாத்தான் சார் இருக்கேன்."

"அதை நீங்க எப்படிச் சொல்லலாம்? நாங்கதான் சொல்லணும்." அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நான்காவது கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. "உங்களுக்குப் பின்னாடி நிக்கற அம்மாவைப் பாருங்க. மூணு ஐயத்தோட வந்திருக்காங்க. எவ்வளவு பொறுப்பு! நீங்க வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கீங்க. போய் ஒரு ஐயம் கொண்டு வாங்க."

பின்னால் நின்ற அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலர்க்காரி கம்பெனியில் பட்டன் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். பட்டன் அக்கா பட்டன் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள், வாயைத் திறந்தால் ஊர்க்கதை அத்தனையும் கொட்டும்.

"ஐயம்தானே, இந்தா புடி. காப்பர் டி போட்டா அது மெல்ல மெல்ல மேல ஏறி நெஞ்சுல போய்க் குத்தும்."

"அப்படியா அக்கா? நீ நம்பறியா?"

"நான் எதுக்குடி நம்பறேன்? நானே பத்து வருஷம் போட்டிருந்தேன். ஒரு எழவும் ஏறலை. நீ ஐயம் கேட்டே, குடுத்தேன். நம்பறதெல்லாம் உன் பாடு."

காலர்க்காரி அந்த ஐயத்தை மனப்பாடம் செய்துகொண்டு, இன்னொரு அரை நாள் விடுப்பு கெஞ்சி வாங்கி, மூன்று மாடி ஏறினாள். பதிவேட்டுக்காரர் கேட்டுக்கொண்டார்.

"இதை நம்பறீங்களா?"

"இல்ல சார்."

"நம்பாத ஐயத்தை எப்படிம்மா அகற்றுறது? வேரே இல்லையே."

"நம்பறேன் சார்."

"எவ்வளவு?"

"ரொம்ப."

"தூக்கம் வரலையா?"

"வரவே இல்ல சார்."

அவர் திருப்தியோடு 'தீவிரம்' என்று எழுதினார். பிறகு பதிவேட்டின் பின்பக்கத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"அடடா. நெஞ்சுக்கு ஏறுறது இந்த வருஷம் ஒதுக்கீடு முடிஞ்சு போச்சே. நாலாயிரத்துப் பதினாறு பேருக்கு அகற்றியாச்சு. மேலிடத்துல கேக்கறாங்க, எப்பவும் ஒரே ஐயத்தையே அகற்றிக்கிட்டு இருக்கீங்களே, புதுசா எதுவும் கிடையாதான்னு. வேற கொண்டு வாங்கம்மா. நல்லதா ஒன்னு."

கேட்டீர்களா கூத்தை! இந்த ஊரில் பொய்க்குத் தட்டுப்பாடு வந்தது அன்றைக்குத்தான். காலர்க்காரி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தாள். வீட்டில் புருஷன் வாரக் கடைசியில் மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை இருமல் மருந்துகளை வேடிக்கை பார்த்துவிட்டு, உறை வாங்கி வந்துகொண்டிருந்தான். அது அறுந்தால்? தீர்ந்தால்? அவளுக்கு ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

மூன்றாவது முறை அவளே யோசித்துக் கொண்டுபோனாள்.

"ஆம்பளைங்களுக்குப் பண்ற ஆபரேஷன் இருக்குல்ல சார். அது பண்ணிக்கிட்டா பளு தூக்க முடியாது, ஆம்பளைத்தனமே போயிடும்னு பேசிக்கறாங்க."

அறையில் பேனாக்கள் நின்றன. நான்கு மேசைகளிலிருந்தும் நான்கு ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பதிவேட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இது... ஐயமா?"

"பொய்தானே சார்? அப்படி எதுவும் ஆகாதாமே."

"பொய்தான். எழுத்து மூலம் பொய்தான். சின்ன ஆபரேஷன், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம், பலமும் குறையாது, ஆசையும் குறையாது. இருபத்திரண்டு வருஷமா துண்டறிக்கை அடிச்சுக் குடுக்கறோம்." அவர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். தலைப்பு இருந்தது, கீழே முத்திரையோ கையெழுத்தோ எதுவும் இல்லை. "ஆனா அகற்றினதா யாரும் இதுவரைக்கும் கையெழுத்துப் போடலை."

"ஏன் சார்?"

"போட்டா, அப்ப நீங்க பண்ணிக்கிட்டீங்களான்னு கேப்பாங்கல்ல?"

ஓரத்து மேசைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "எங்க சகலை ஒருத்தர் பண்ணிக்கிட்டார்மா. ரெண்டே மாசம், தலையில ஒரு முடி இல்லை."

"அவருக்குக் கல்யாணத்தப்பவே முடி இல்லையேப்பா" என்றார் அடுத்த மேசைக்காரர்.

"இருந்த நாலும் போயிடுச்சுன்னு சொல்றேன்."

"எங்க வேலை சாதாரண வேலையாம்மா?" பதிவேட்டுக்காரர் வருத்தத்தோடு அலமாரியைக் காட்டினார். "அத்தனை கோப்புகளையும் நாங்கதான் தூக்கணும்."

காலர்க்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமாகிவிட்டது, குழந்தை காப்பகத்தில் பால் குடிக்காமல் அடம்பிடித்துக்கொண்டிருப்பான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். அந்த அலுவலகத்தில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை, அதுதான் பெரிய இம்சை.

"சரி, ஒரு வழி சொல்றேன். வர்ற வியாழக்கிழமை தெளிவு விழா. மேடையில தெளிவடைய ஆள் ஒன்னு குறையுது. ஐயத்தை நாங்களே எழுதித் தர்றோம். நீங்க வந்து சத்தமா சொல்லித் தெளிஞ்சுட்டுப் போனீங்கன்னா, உங்க சான்று நேரா கையெழுத்துக்குப் போயிடும்."

அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

விழா மண்டபத்தில் முதல் நான்கு வரிசை அதிகாரிகள், ஐந்தாவது வரிசை அவர்களுடைய பைகள், அதற்குப் பின்னால் பெண்கள். காலர்க்காரியை மேடைக்கு ஏற்றி ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள். கையில் கொடுத்த சீட்டை அவள் வாசித்தாள். "கருத்தடை மாத்திரைகள் கரையாமல் வயிற்றில் சேர்ந்து உருண்டையாகிவிடும் என்று நான் அஞ்சுகிறேன்."

"உருண்டை ஆகாது!" என்று முழங்கினார் பிரிவின் இயக்குநர். கைதட்டல். காலர்க்காரி தெளிந்தாள். அவளுக்கு மாத்திரையே ஆகாது என்பதை யாரும் கேட்கவில்லை.

பிறகு இயக்குநர் பேசினார்.

"தாய்மார்களே! பொய்க்கு எதிரான போர் இது. நான் பதவிக்கு வந்தப்ப இந்த ஊர்ல நாற்பது வகை ஐயம்தான் இருந்துச்சு. இன்னைக்கு நம்ம பதிவேட்டுல அறுநூறு வகை இருக்கு. இந்த வளர்ச்சி தானா வந்ததா? உழைச்சு வந்தது! எங்கேயோ ஒரு மூலையில ஒருத்தர் நம்பிக்கிட்டு இருந்த பொய்யைக் கூட, நாங்க துண்டறிக்கை அடிச்சு வீடு வீடாக் கொண்டு போய்ச் சேர்த்து, அப்புறம் அகற்றியிருக்கோம். என் வீட்டையே எடுத்துக்குங்க. எங்க வீட்டுல ஐயம்ங்கற பேச்சுக்கே இடமில்லை. என் மனைவி என்ன முறை பயன்படுத்தறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே கிடையாது. அதான் நம்பிக்கை!"

மண்டபம் அதிர்ந்தது. அதோடு விட்டாரா? பிரிவின் புதுச் சாதனை என்று சொல்லி, ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார். மேல் பாதி முழுக்க இயக்குநரின் சிரித்த முகம். கீழ்ப் பாதியில் தேதிகள். ஒவ்வொரு மாதமும் பத்திலிருந்து பதினெட்டு வரை சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. பச்சை நாளில் பயமில்லை என்று அடியில் அச்சடித்து, அரசு முத்திரையும் போட்டிருந்தது.

காலர்க்காரி அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். அளவு பிசகினால் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. மேடையில் இருந்தபடியே கேட்டுவிட்டாள்.

"சார், நாள் எண்ணுறது எனக்கு வர்ற தேதியிலிருந்து தானே? எனக்குப் போன மாசம் இருபத்திரண்டாம் தேதி வந்துச்சு. இதுல எல்லாருக்கும் ஒன்னாந்தேதியிலிருந்து எண்ணியிருக்கே? அதுவும் பால் குடுக்கறவங்களுக்குத் தேதியே முன்னப்பின்ன ஆகும், இந்தக் கணக்கே நிக்காதுன்னு சொல்றாங்களே?"

இயக்குநர் சிரிப்பு மாறாமல் சொன்னார். "அம்மா, மாசம் எல்லாருக்கும் ஒன்னாந்தேதிதான் பொறக்குது. ஏழைக்கு ஒரு தேதி, பணக்காரருக்கு ஒரு தேதின்னு நாங்க பிரிச்சுப் பார்க்கறதில்லை. இதுக்குப் பேருதான் சமத்துவம்!"

மறுபடியும் கைதட்டல். யாரோ அவள் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

காலண்டரைக் குப்பையில் போடத்தான் நினைத்தாள். அதற்குள் புருஷன் அதை வாங்கி, ஆணி அடித்து, படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டான்.

"ஏங்க, இது தப்புங்க. என் தேதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"முத்திரை போட்டிருக்கே."

"முத்திரைக்கு என்ன தெரியும் என் உடம்பைப் பத்தி?"

"அட, படிச்சவங்க பத்துப் பேரு உக்காந்து போட்டிருப்பாங்க. லிஃப்ட்ல எட்டுப் பேருன்னு எழுதியிருந்தா நாம எண்ணியா பார்க்கறோம்? நம்பி ஏறலையா?"

"நீங்க உறையை விட்டுடாதீங்க, சொல்லிட்டேன்."

அவன் விடவில்லை, பாவம். மூன்று வாரம் ஒழுங்காகத்தான் இருந்தான். சான்று 'கையெழுத்தில் இருக்கிறது' என்றே ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருக்க, உறை தீர்ந்து மருந்துக்கடையும் மூடியிருக்க, அவன் சுவரைப் பார்த்தான். நான்காம் தேதி. பச்சை. அவளும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மாதக்கணக்காகப் பயந்து பயந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரே ஒரு நாளாவது எதையாவது நம்பிவிட்டு நிம்மதியாக இருக்க மாட்டோமா என்று இருந்தது. அவளுக்கென்று சொந்தமாக ஓர் ஐயம் வந்தது அன்றைக்குத்தான். அதை அவள் எங்கும் பதிவு செய்யவில்லை.

அந்த மாதம் அவளுக்குத் தேதி தள்ளிப்போனது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. குளியலறைத் தரையில் ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் கதவைத் தட்டி "அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றபோது, "இதோ வர்றேன் கண்ணு" என்று குரல் கொடுக்க அவளால் முடிந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. புருஷன் விஷயம் தெரிந்ததும் காலண்டரைக் கழற்றி, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கிழிக்கவும் தைரியம் வரவில்லை அவனுக்கு. அரசு முத்திரை.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். "இப்பவே ஏறியிருக்கு. தொடர வேண்டாம்மா. சீக்கிரம் கலைச்சுடலாம், இப்ப பண்ணினா ஆபத்தில்லை. உயிருக்கு ஆபத்துன்னு காரணம் எழுதித் தர்றேன்." சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். "ஆனா இதுக்கும் அங்கே சான்று வேணும். அதே மூணாவது மாடி."

காலர்க்காரி மூச்சு வாங்க ஏறினாள். பதிவேட்டுக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு மலர்ந்தார்.

"வாங்கம்மா! உங்க சான்று நேத்துதான் கையெழுத்தாகி வந்துச்சு."

அவள் டாக்டரம்மாவின் சீட்டை நீட்டினாள். அவர் படித்தார். முகம் சுருங்கியது. சான்றை எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, கோப்பில் கட்டினார். "இது கர்ப்பம் இல்லாதவங்களுக்கு. இனி செல்லாது. புதுக் கோப்புதான் தொடங்கணும்."

"சார், அந்தக் காலண்டர் தப்பு சார். அதை நம்பித்தான் இப்படி ஆச்சு. அதையாவது உங்க பதிவேட்டுல ஐயம்னு எழுதுங்க. இன்னொருத்திக்கு இது நடக்க வேண்டாம்."

"அது எப்படிம்மா முடியும்? ஐயம் பொதுமக்களுக்குத்தான் வரும். பிரிவுக்கு ஐயம் வர்றதுக்குக் கட்டமே கிடையாது." அவர் புதுப் படிவத்தை எடுத்தார். "சரி, இந்தக் கோப்புக்கு வருவோம். நாலாவது கட்டம். ஐயம் என்ன?"

கைவசம் ஐயம் எதுவும் அவள் கொண்டுவரவில்லை. பட்டன் அக்காவும் பக்கத்தில் இல்லை. வரிசையில் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த அழுகை அங்கே, அந்த மேசை முன்னால், உடைந்துகொண்டு வந்தது.

"நான் செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு சார். என் பிள்ளைங்க ரெண்டும் சின்னது."

பதிவேட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அசல் ஐயம். யாரும் எழுதித் தராதது. நம்பறீங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"தூக்கம்?"

"இல்ல சார்."

தீவிரம் என்று எழுதினார். எண் கொடுத்தார். 'தான் இறந்துவிடக்கூடும் என்று கருதுகிறார்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, மை ஒற்றி, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அகற்றப்பட்டது.

தெளிவுச் சான்று அந்த நிமிஷமே தயாராகிவிட்டது. அலுவலகத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை என்று ஓரத்து மேசைக்காரரே ஆச்சரியப்பட்டார். காலர்க்காரி அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இதை ஆஸ்பத்திரியில குடுத்தா கலைச்சுடுவாங்களா சார்?"

"எதுக்குக் கலைக்கணும்?" அவர் டாக்டரம்மாவின் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். 'உயிருக்கு ஆபத்து' என்ற வரி மேல் சிவப்பு மையில் சுத்தமாக ஒரு கோடு கிழித்திருந்தார். "காரணம்தான் அகற்றியாச்சே. இனி தாராளமா பெத்துக்கலாம். இங்கே, திருப்திங்கற இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நகருங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள்.